கீழ்வெண்மணி, தனுஷ்கோடி, சுனாமி: டிசம்பரின் ஒரே வாரத்தில் வைத்து நினைவுகூரலாமா?

பாம்பன் பாலன்:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் நெருங்குகிறது. வருடா வருடம் மனதில் ஓடுகிற ஒரு யோசனையை இந்த முறை உங்கள் முன்னால் வைத்துவிடுகிறேன்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. மூன்றும் ஐந்து தேதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. நம் கிழக்குக் கரையும் அதை ஒட்டிய வயல்காடும்தான் மூன்றுக்கும் களம். இந்த ஐந்து நாட்களை ஒரு நினைவு வாரமாக வைத்து, கடலோர மாவட்டப் பள்ளிகளில் தினம் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஏன் சேர்த்து? தனித்தனியாக விட்டதால்தான் மறந்துபோனது. 2017-ல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு எங்கள் பக்கம் கூட்டம் குவிகிறது. இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1914-லிருந்து ஐம்பது வருடம் சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, இர்வின், கோஷன் போன்ற கப்பல்களில் ஏறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போன துறைமுகம் அது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். அன்றைக்கு இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர், ஊர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்றது. சிக்னல் வேலை செய்யவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு டிரைவர் வண்டியை நகர்த்தினார். அலை வண்டியை அடித்துக்கொண்டு போனது. பயணிகளும் ரயில்வே ஊழியர்களுமாக 115 பேர். ஒருவர்கூட மிஞ்சவில்லை. புயலில் இறந்தவர்கள் மொத்தம் 1,800 பேர் வரை இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கப்புறம் அரசு அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கேயே கொட்டகை போட்டு வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சுனாமிக்காவது கடலில் பால் ஊற்றி மலர் தூவுகிறோம். மற்றதற்கு? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

பாலன் அண்ணே, தனுஷ்கோடி பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு நாள் வேண்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெண்மணியை இந்த வாரத்தில் சேர்க்காதீர்கள்.

22-ஆம் தேதி புயல், 26-ஆம் தேதி கடல், நடுவில் வெண்மணி என்று அடுக்கினால், படிக்கிற பிள்ளைக்கு வெண்மணியும் வானத்திலிருந்து இறங்கிய ஒரு துன்பமாகத்தான் பதியும். அங்கே இறங்கியது ஆட்கள். துப்பாக்கியோடு வந்தார்கள். உயிருக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் ஒண்டியவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். எல்லாரும் தலித் விவசாயக் கூலிகள்.

கேட்டது என்ன? கூலியில் கூடுதலாக அரைப்படி நெல். செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கேட்டார்கள். கீழத்தஞ்சையில் அதற்கு முந்தைய தலைமுறை தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலையும் சவுக்கடியையும் பார்த்தது. சங்கம் வந்த பிறகுதான் அது நின்றது. அதைப் பொறுக்க முடியாத மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தங்களுக்கும் ஒன்று வைத்துக்கொண்டார்கள். கொடியை இறக்கு, இல்லாவிட்டால் வேலை கிடையாது என்றார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். இது ஒரு நீண்ட சண்டையின் கடைசிப் படி. இதில் டிசம்பர் எங்கே வருகிறது?

நாகை ஆசிரியை:

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். 22 முதல் 26 வரை பள்ளி ஏது சார்? அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டுவிடும்.

பாம்பன் பாலன்:

சரிதான் டீச்சர். விடுமுறைக்கு முந்தைய வாரத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். தேர்வு நெருக்கடி என்றால் ஜனவரியில் பள்ளி திறந்ததும் வைக்கலாம்.

வெண்ணாற்றங்கரை:

தேதியையே நகர்த்தலாம் என்றால், ஒரே வாரத்தில் வருகிறது என்கிற ஒரே காரணமும் போய்விட்டதே அண்ணே. அப்புறம் இந்த மூன்றையும் எது சேர்த்துக் கட்டுகிறது?

சீர்காழி சிவராமன்:

தம்பிகள் இருவருக்கும் ஒரு பெரியவனாகச் சொல்கிறேன். காரணம் மாதம்தான். எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்தாலே என் தாயார் விளக்கேற்றி வேண்டிக்கொள்வார். நீங்கள் சொன்ன மூன்று மட்டுமா? 1972 டிசம்பர் 25 ராஜாஜி மறைந்தார். 1973 டிசம்பர் 24 பெரியார். 1987-ல் அதே 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். 2016 டிசம்பர் 5 ஜெயலலிதா. 1984-ல் டிசம்பர் 2 இரவு போபால் விஷவாயு. 1992 டிசம்பர் 6 பாபர் மசூதி இடிப்பும் அதைத் தொடர்ந்த கலவரங்களும். 2015 டிசம்பர் முதல் தேதி சென்னை வெள்ளம். இவ்வளவும் ஒரே மாதத்தில் குவிகிறது என்றால் அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியுமா? பரிகாரம், பிரார்த்தனை என்று ஏதோ ஒன்றைச் சமூகமாகச் சேர்ந்து செய்வதில் தவறில்லை. பாலனின் யோசனையை அந்த வகையில் நான் வரவேற்கிறேன்.

மழைமானி:

ஐயா, உங்கள் தாயாரின் வேண்டுதலுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

புயல், வெள்ளம் இரண்டுக்கும் டிசம்பரோடு உறவு உண்டு. நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பருவத்தின் தொடக்கத்தில் வங்கக் கடலில் உருவாகும் சுழல்கள் பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா பக்கம் ஏறும். டிசம்பர் ஆக ஆக உருவாகும் இடம் தெற்கே இறங்கிவிடும். அதனால்தான் டிசம்பர்ச் சுழல்கள் இலங்கையையும் நம் தென் கரையையும் குறிவைக்கின்றன. 1964 புயலும் அந்தமான் கடலின் தென்பகுதியில் டிசம்பர் 17 வாக்கில் தாழ்வு மண்டலமாகத் தொடங்கி, இலங்கையின் வடக்கே நுழைந்து பாக் நீரிணைக்கு வந்தது. 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. இது ராசி கிடையாது, காற்றோட்டம். நாட்காட்டி பார்த்து முன்கூட்டியே தயாராகலாம்.

சுனாமிக்கு மாதம் கிடையாது. சுமத்ரா அருகே கடலடியில் தட்டுகள் நகர்ந்தன, அவ்வளவுதான். அந்தமானில் 1941-ல் பெரிய நிலநடுக்கம் வந்தது ஜூனில். 2012-ல் சுமத்ரா அருகே 8.6 அளவில் அதிர்ந்தது ஏப்ரல் 11.

தலைவர்கள் விஷயம்: அண்ணா மறைந்தது பிப்ரவரி 3, காமராஜர் அக்டோபர் 2, கருணாநிதி ஆகஸ்ட் 7. இவர்களை விட்டுவிட்டுத்தான் டிசம்பர்ப் பட்டியல் போடுகிறோம். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தது 2004 ஜூலை 16. கூரை வேய்ந்த சமையலறை, குறுகிய ஒரே வழி, ஒரே கட்டடத்தில் அடைத்த வகுப்புகள் என்று அதற்குக் காரணம் தேடினோம். ஜூலையைக் குற்றம் சொல்லவில்லை.

சீர்காழி சிவராமன்:

காற்றோட்டம் இருக்கட்டும். ஒரே மாவட்டத்தில் 25-ஆம் தேதி தீ, 26-ஆம் தேதி நீர். இதற்கும் விளக்கம் சொல்லுங்கள் பார்ப்போம்.

மழைமானி:

இரண்டுக்கும் நடுவில் 36 வருடம் இருக்கிறது ஐயா.

அக்கரைப்பேட்டை மலர்:

இங்கே எழுதுகிறவர்களில் சுனாமியைக் கரையில் நின்று பார்த்தது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் போல. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை தம்பி வெண்மணியைக் காப்பாற்றுவதற்காக எங்களை இயற்கையின் கணக்கில் தள்ளிவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை.

நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு முன்பே சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. நாகைக் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம். எங்கள் கரையில் படகு வரும், மீன் எடுக்கலாம் என்று பெண்கள் கூடையோடு காத்திருந்த நேரம். ஆழத்தில் இருந்த படகுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரையில் இருந்தவர்கள்தான் போனார்கள். கடலுக்குப் போனவர் திரும்பி வந்து மனைவியையும் பிள்ளைகளையும் தேடிய வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000-க்கும் மேல் நாகை மாவட்டம்.

இரண்டரை மணி நேரத்தில் என்ன செய்திருக்கலாம் என்று கேட்பீர்கள். புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். ஊரில் இருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனம் கரையை விட்டு ஓடிப் பிழைத்தது. ஒரு போன், ஒரு மைக் செட். அவ்வளவுதான் தேவைப்பட்டது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்துக்குள் தண்ணீர் புகுந்த செய்தி, எங்கள் கரைக்கு அலை வருவதற்கு முன்பே நிலப்பகுதிக்கு வந்துவிட்டது என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. பசிபிக் கடலுக்குப் பல பத்தாண்டுகளாக எச்சரிக்கை மையம் இருந்தது. நம் கடலுக்கு ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007-ல். 2012 ஏப்ரலில் சுமத்ராவில் அதிர்ந்தபோது எங்கள் கரையில் ஆட்களை வெளியேற்றினார்கள். அதாவது செய்ய முடிகிற காரியம்தான். செய்து வைக்கவில்லை.

இன்னொன்று. சுனாமிக்கு அப்புறம் முகாம்களில் நடந்ததை மறந்துவிட முடியாது. ஆதிதிராவிட மக்களைத் தனியாக உட்கார வைத்த முகாம் உண்டு. சில இடங்களில் தண்ணீர்த் தொட்டியைத் தொட விடவில்லை. பூம்பூம்மாட்டுக்காரக் குடும்பங்கள் நிவாரணப் பட்டியலிலேயே வராமல் கிடந்தன. ஆய்வு அறிக்கைகளிலேயே இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. படகு போனவருக்கு இழப்பீடு உண்டு, அந்தப் படகில் கூலிக்குப் போனவரும் உப்பளத்தில் வேலை செய்தவரும் எதைக் காட்டி வாங்குவார்கள்? தம்பி, வெண்மணியை எரித்த அதே பிரிவினை, கடல் வந்து போன பிறகும் எங்கள் மாவட்டத்தில் அப்படியே நின்றது. அதனால் நான் பாலன் அண்ணன் பக்கம். சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:

மலர் அக்கா, உங்களை இயற்கையின் கணக்கில் தள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. முகாமில் நடந்ததை நீங்கள் இங்கே எழுதியது நல்லது, அதைப் பாடத்தில் வைக்க வேண்டும். ஆனாலும் என் நிலையில் நான் நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

எச்சரிக்கை கொடுக்கத் தவறியவர்கள் யாரும் உங்கள் சாவை விரும்பவில்லை. அது பொறுப்பில்லாத்தனம், கேள்வி கேட்க வேண்டியது, தண்டிக்கவும் வேண்டியது. வெண்மணியில் சாவுதான் நோக்கம். இந்த இரண்டையும் ஒரே மெழுகுவத்தி ஏற்றி முடித்துவிடக் கூடாது.

அப்புறம், பின்னால் நடந்ததைப் பாருங்கள். 1970-ல் நாகை செஷன்ஸ் நீதிமன்றம், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்து வருடத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவு வசதியான மிராசுதார்கள், வேலையாட்களைக்கூட விட்டுவிட்டுத் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக் கடினம் என்ற ரீதியில் தீர்ப்பு சொன்னது. அன்று மாலை நடந்த மோதலில் நில உரிமையாளர் தரப்பு ஆள் ஒருவர் இறந்தார். அந்த வழக்கில் தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 44 பேர் எரிந்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்று கணக்கு முடிந்தது. நாயுடு 1980 டிசம்பரில் கொலையுண்டார். அதையும் ‘பார்த்தீர்களா, டிசம்பர்’ என்று இந்தப் பட்டியலில் யாராவது சேர்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடக் கோபம் அதற்குப் பின்னால் இருந்தது, மாதம் இல்லை.

சுனாமி பற்றி வகுப்பில் பேசினால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் நின்று அழலாம். வெண்மணி பற்றிப் பேசினால் அப்படி முடியாது. கொளுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளையும், கொளுத்தியதாகச் சொல்லப்பட்டவர்களின் உறவுக்காரப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வாய்ப்புள்ள ஊர்கள் இவை. அந்தப் பாடத்துக்கு வேறு தைரியம் வேண்டும், வேறு தயாரிப்பு வேண்டும். துக்க வாரத்தின் நான்காம் நாள் என்று அதை நடத்தினால், ஆசிரியர் மெதுவாக ‘தீ விபத்து’ அளவில் சொல்லிவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விடுவார்.

நாகை ஆசிரியை:

இதை நான் மறுக்க மாட்டேன். ஆசிரியர் அறையில் வெண்மணி என்று சொன்னாலே பேச்சை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன் தம்பி. தனியாக ஒரு நாள் ஒதுக்கச் சொன்னால் எந்தப் பள்ளி ஒதுக்கும்? இதுவரை ஒதுக்கியிருக்கிறதா? ஒவ்வொரு டிசம்பர் 25-ம் வெண்மணி நினைவிடத்துக்குச் செங்கொடியோடு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கு அந்தக் கூட்டம் எதற்கு என்று தெரிவதில்லை. பாலன் சார் சொல்கிற வாரத்தின் வழியாகவாவது அது வகுப்பறைக்குள் நுழையட்டும் என்று நினைக்கிறேன்.

பாம்பன் பாலன்:

வெண்ணாறு தம்பி, நீங்கள் கோடு போட்டு ஒரு பக்கம் கொலை, ஒரு பக்கம் பொறுப்பின்மை என்று பிரிக்கிறீர்கள். சிவராமன் ஐயா சொன்ன போபாலை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயுத் தொட்டியைக் குளிராக வைத்திருக்கும் சாதனத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பழுதாகிக் கிடந்தது. சாவை யாரும் நோக்கமாக வைத்துச் செய்யவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1989-ல் 47 கோடி டாலரில் கணக்கை முடித்தார்கள். 2010-ல் ஏழு பேருக்கு இரண்டு வருடத் தண்டனை கொடுத்து, உடனே ஜாமீனும் கொடுத்தார்கள். உங்கள் கோடு போபாலில் நிற்காது.

எங்கள் தனுஷ்கோடியிலும் நிற்காது. சிக்னல் செத்துப் போன இரவில் அந்த வண்டி ஏன் நகர்ந்தது? நகராமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்பது வேறு. ஆனால் நிறுத்து என்று சொல்ல ஒரு ஏற்பாடு இல்லை. 2023 டிசம்பர் 17 இரவைப் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அடித்துப் போயிருந்தது. சுமார் 800 பேர். கொஞ்சம் பேர் பக்கத்துப் பள்ளியில், மற்றவர்கள் வண்டியிலேயே, சோறு தண்ணீருக்குத் திண்டாடினார்கள். ஆனால் உயிரோடு வீடு போனார்கள். அதே டிசம்பர், அதே வங்கக் கடல் மழை. ஒரு ஸ்டேஷனில் ஒருவர் வண்டியை நிறுத்தியதுதான் வித்தியாசம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல 1964-யும் 2023-யும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே ஆக வேண்டும். சேர்ப்பதால்தான் இது தெரிகிறது.

மன்னார்க் கரை:

வணக்கம். மன்னாரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் தமிழ்நாட்டு எல்லையோடு நிறுத்திக் கதைக்கிறீர்கள். 1964 புயல் எங்களிடம் வந்துதான் உங்களிடம் வந்தது. மன்னாரும் யாழ்ப்பாணமும் திருகோணமலையும் அடிபட்டன. மீன்பிடிக்கப் போன எங்கள் ஆட்களும் திரும்பவில்லை. தனுஷ்கோடியோடு எங்கள் தலைமன்னார்ப் பாதையும் போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடினாலும் யுத்தம் தொடங்க அதுவும் நின்றது.

ரயில் பற்றிப் பேசினீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று தெற்கே பெரேலியவில் கடற்கரை ரயிலை அலை எடுத்துக்கொண்டு போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வண்டியை நிறுத்தச் சொல்லக் கொழும்பிலிருந்து முயன்றும் தகவல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. முல்லைத்தீவில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருந்த இல்லம் ஒன்று கடலோடு போனது. அதன் பிறகு உதவிப் பணத்தை வடக்குக் கிழக்குக்கு எப்படிப் பகிர்வது என்று 2005 ஜூனில் அரசும் புலிகளும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அதோடு அது செயற்படவே இல்லை. மலர் அக்கா சொன்ன முகாம் கதை எங்களிடம் ஒரு நாட்டின் அளவில் நடந்தது.

பாலன் அண்ணா, வாரம் வைத்தால் இக்கரையையும் சேர்த்து வையுங்கள். வெண்மணி பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வெண்ணாற்றங்கரை சொல்வது எனக்கு விளங்குகிறது. எங்கள் யுத்தச் சாவுகளையும் சுனாமிச் சாவுகளையும் ஒன்றாக்கி ‘எல்லோரும் கஷ்டப்பட்டோம்’ என்று முடிக்கப் பார்க்கிறவர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம்.

சீர்காழி சிவராமன்:

எல்லாரும் எவ்வளவோ படித்துச் சொல்கிறீர்கள். மறுக்கவில்லை. இத்தனை காரணங்களும் ஏன் இந்த ஒரு மாதத்தில் வந்து கூடுகின்றன என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் வரவில்லை. நான் என் நம்பிக்கையில் இருக்கிறேன். ஆனால் வெண்மணியைப் பரிகாரக் கணக்கில் வைக்க வேண்டாம் என்று தம்பி கேட்டால் அதை ஏற்கிறேன். கொலைக்கு நீதிமன்றம்தான், பிரார்த்தனை போதாது.

வெண்ணாற்றங்கரை:

நன்றி ஐயா.

பாலன் அண்ணே, போபால் என் கோட்டுக்கு வெளியே போகவில்லை. லாபத்துக்காகப் பாதுகாப்பை நிறுத்தியவன் பெயர் உண்டு, முகவரி உண்டு. அது வெண்மணி இருக்கும் பக்கத்தில்தான் வரும். சென்னை வெள்ளத்தையும் கணக்குத் தணிக்கை அறிக்கை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. செம்பரம்பாக்கம் ஏரியில் 29,000 கன அடி திறந்தது யார் முடிவு என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார். அப்படிக் கேட்க முடிகிறவற்றை எல்லாம் சேர்த்து ஒரு பாடம் வையுங்கள், அதில் வெண்மணியை முதலில் வையுங்கள், நான் வந்து நாற்காலி போடுகிறேன். தேதி பார்த்துச் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்னொன்றும் வேண்டும். வெண்மணி என்றால் எரிந்த குடிசையோடு நிறுத்துகிறார்கள். அந்தச் சாவுக்கு அப்புறம்தான் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அந்த ஊர்க் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கப் போராடிப் பெற்றுத் தந்தார். புயலுக்கு அப்புறம் பாலத்தைக் கட்டலாம். 1964-ல் உடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் நிமிர்த்தினார். கூலி கேட்டதற்காக எரித்ததற்கு அப்புறம் கூலியையும் நிலத்தையும் அல்லவா நிமிர்த்த வேண்டும்? அந்தப் பாடம் வேறு.

அக்கரைப்பேட்டை மலர்:

தம்பி சொல்வதில் பாதி எனக்கு ஒப்புதல். ஆனால் எங்களைக் ‘கேட்க ஆள் இல்லாத’ பக்கத்தில் விடாதீர்கள். எச்சரிக்கை மையம் இல்லாமல் விட்டதற்கும் ஆள் உண்டு.

பாலன் அண்ணா, உங்களிடம் ஒரு நேர்க் கேள்வி. நீங்கள் வாரம் வைக்கிறீர்கள். வெண்மணி நாளுக்கான பாடத்தாளில் 1973 தீர்ப்பு இருக்கிறது. ஊரில் யாரோ வந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், மற்றதை நடத்துங்கள் என்கிறார்கள். என்ன செய்வீர்கள்?

பாம்பன் பாலன்:

அந்தப் பக்கம் இல்லாமல் நடத்த மாட்டேன். தனுஷ்கோடி நாளையும் சேர்த்தே நிறுத்துவேன். சேர்த்து வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் அதற்காகத்தான். வெண்மணியைத் தனியாக வைத்தால் அதை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம். சுனாமியோடு சேர்த்து வைத்தால் அப்படிச் சுலபமாகக் கை வைக்க முடியாது.

மன்னார் தம்பி கேட்டபடி இக்கரை, அக்கரை இரண்டும் வரும். மழைமானி சார் சொன்ன பருவக்காற்று விளக்கம் முதல் நாளில் வரும். நாகை டீச்சர், எட்டாம் வகுப்புக்கு ஏற்ற மாதிரி எழுத உங்கள் உதவி வேண்டும்.

நாகை ஆசிரியை:

தருகிறேன் சார். தீர்ப்பைப் பற்றி எழுதும்போது மட்டும் தீர்ப்பில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதுங்கள். நம் வார்த்தையில் சுருக்கினால் அதைப் பிடித்துக்கொண்டு தடுத்துவிடுவார்கள்.

வெண்ணாற்றங்கரை:

நான் இன்னும் சம்மதிக்கவில்லை அண்ணே. ஆனால் அந்த ஒரு பாடத்தாளை எனக்கு அனுப்புங்கள். வெண்மணியில் இருக்கிற குடும்பத்தாரிடம் காட்டிப் படிக்கச் சொல்கிறேன். சேர்க்கலாமா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். வேண்டாம் என்றால் நீங்கள் எடுத்துவிட வேண்டும்.

பாம்பன் பாலன்:

சரி. அவர்கள் சொல்கிறபடி. நவம்பர் கடைசிக்குள் அனுப்பிவிடுகிறேன்.